தலைமுடியும் களவும் ஒரே குற்றமா? தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தேன். அதற்கப்புறம் பதினெட்டு வருடமாக ஒரு பி.எட். கல்லூரியில் உளவியல் தாள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் மன வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, கோல்பெர்க், எரிக்சன் என்ற பெயர்கள் உங்களுக்குப் புதிதல்ல. பி.எட். தேர்வில் கட்டுரைக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 கேள்விகளில் 30 கேள்விகள் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பற்றியவை. அதனால் உங்கள் பள்ளியின் இளம் ஆசிரியர்கள் அற வளர்ச்சிக்குக் கோல்பெர்க் வகுத்த மூன்று மட்டங்களையும் ஆறு நிலைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப் படித்ததெல்லாம் பள்ளி வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆகஸ்டில் கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிட ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்தது. எல்லோரும் வகுப்புக்குப் போக, ஒன்பதாம் வகுப்புப் பையன்களை மட்டும் நிறுத்திவைத்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் கையில் கத்தரிக்கோல். பக்கவாட்டில் ஒட்ட வெட்டி உச்சியில் மட்டும் முடி விட்டிருந்த நான்கு பேரை முன்னால் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு வெட்டு, நடு உச்சியில். மீதியைச் சலூனில் சரிசெய்துகொண்டு மறுநாள் வர வேண்டும். மூன்று பேர் சிரித்துச் சமாளித்தார்கள். நான்காவது பையன் மட்டும் தரையில் விழுந்த தன் முடியையே பார்த்துக்கொண்டு நின்றான். மாடி வராந்தாவிலிருந்து மாணவிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியம் சாப்பாட்டு வரிசையில் அவன் தலையில் கைக்குட்டையைக் கட்டியிருந்தான். அடுத்த மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை என்று என் பயிற்சி மாணவி சொன்னாள்.

அதே நாள், அதே பள்ளியில் இன்னொன்றும் நடந்தது. எட்டாம் வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன். வாசிக்கச் சொன்னபோது அவன் திக்கியதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டி, இடைவேளையில் அவன் தண்ணீர் பாட்டிலைக் கழிப்பறைக்குள் எறிந்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னான். "விளையாட்டுக்குப் பண்ணியிருப்பாங்க, விடுப்பா" என்றார் வகுப்பாசிரியர். அவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் அப்போது மூன்று பதிவேடுகள் இருந்தன, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டிய பதிவு பாக்கியிருந்தது. ஆனால் அன்று அந்தப் பள்ளியிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: முடி பெரிய குற்றம், ஒருவனை நோகடிப்பது சின்ன விஷயம்.

எலியட் டூரியல் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆராய்ந்தது இதைத்தான். இவர் நம் பாடப்புத்தகங்களில் அதிகம் வருவதில்லை, அது எனக்கு ஒரு குறை. 1983-இல் வந்த அவருடைய நூல், சமூக அறிவு பல களங்களாகப் பிரிந்தே வளர்கிறது என்கிறது. அடுத்தவரை அடிப்பது, ஏமாற்றுவது, திருடுவது எல்லாம் அறம் சார்ந்தவை. சீருடை, ஆசிரியரை எப்படி அழைப்பது, வரிசையில் நிற்பது எல்லாம் வழக்கம் சார்ந்தவை. பள்ளி செல்லும் வயது வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு ஓரளவு புரிகிறது. "அடிக்கலாம் என்று டீச்சரே சொல்லிவிட்டால் அடிக்கலாமா?" என்று கேட்டால், "அப்பவும் தப்புதான்" என்கிறது குழந்தை. "சீருடை வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டால்?" என்று கேட்டால், "அப்போ சரி" என்கிறது. வளரிளம் பருவத்தில் மூன்றாவதாக ஒரு களமும் பெரிதாகிறது. அது "என் விஷயம்" என்ற களம். முடி, உடை, நண்பர் யார் என்பதெல்லாம் அதில் சேரும். எந்தக் கோடு வரை வழக்கம், எந்தக் கோட்டிலிருந்து என் விஷயம் என்பதில்தான் அந்த வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சண்டை. அந்தச் சண்டை வளர்ச்சியின் ஒரு பகுதி.

முடிக்கு விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளி என்றால் சில வழக்கங்கள் வேண்டும். அவற்றை வழக்கமாகவே வையுங்கள். மீறினால் பேசுங்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள். அறத்தை மீறியவனுக்குத் தரும் அவமானத்தை முடிக்காகத் தராதீர்கள். அதுவும் எல்லோர் முன்னாலும் தராதீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு எந்நேரமும் ஒரு கூட்டம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும் என்று 1967-இல் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் எழுதினார். இல்லாத கூட்டத்துக்கே கூசுகிற வயது. உண்மையான கூட்டத்தைக் கூட்டி அதன் நடுவில் நிறுத்தினால் அந்தப் பையன் என்ன ஆவான்?

பியாஜேயை எடுத்துக்கொள்வோம். 1932-இல் வந்த அவருடைய அற வளர்ச்சி ஆய்வில் பாதிக்கு மேல் நினைவில் நிற்பது கோலி விளையாட்டுதான். சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவிலும் நூஷடேலிலும் தெருப்பிள்ளைகளோடு உட்கார்ந்து, "எனக்கு ஆடத் தெரியாது, சொல்லிக்கொடு" என்று கேட்டார். இந்த விதியை யார் போட்டது, இதை மாற்றலாமா என்று விசாரித்தார். ஆறேழு வயதுப் பிள்ளைகள், விதி பெரியவர்களிடமிருந்தோ கடவுளிடமிருந்தோ வந்தது, தொடக்கூடாது என்றார்கள். ஆனால் ஆடும்போது ஆளுக்கொரு விதியில் ஆடினார்கள். பத்துப் பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். அவர்கள்தான் விதியை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். நம் ஊர்க் கோலியாட்டத்திலும், தெருக் கிரிக்கெட்டிலும் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மாடியில் அடித்தால் அவுட், ஒரு பிட்ச் கேட்ச் பிடித்தால் அவுட் என்று கூடிப் பேசி வைத்துக்கொண்ட விதிக்குப் பதின்மூன்று வயதுப் பையன் காட்டும் மரியாதையைப் பாருங்கள். அதே பையன் பள்ளி விதியை ஏய்ப்பதில் பெருமைப்படுகிறான். கிரிக்கெட் விதியைப் போட்டதில் அவனுக்குப் பங்குண்டு. பள்ளி விதியில் அவன் கை படவே இல்லை.

அப்புறம் கோல்பெர்க். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஐரோப்பாவின் யூத அகதிகளை ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் தடையை மீறிப் பாலஸ்தீனத்துக்குப் போன கப்பல் ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். கப்பல் பிடிபட்டது, சைப்ரஸ் முகாமில் அடைத்தார்கள். சட்டத்தை மீறுவது எப்போது சரியாகும் என்ற கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக 10, 13, 16 வயதுப் பையன்கள் 72 பேரிடம் கதைகளைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டார். ஹெயின்ஸ் கதை உங்களுக்குத் தெரியும். மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்தைச் செய்ய ஆகும் செலவு 200 டாலர், கடைக்காரர் கேட்பது 2,000. ஹெயின்ஸால் புரட்ட முடிந்தது 1,000. கடையை உடைத்துத் திருடலாமா?

திருடலாம் என்பதற்கோ கூடாது என்பதற்கோ கோல்பெர்க் மதிப்பெண் போடவில்லை. அவர் கேட்டது "ஏன்?" என்ற ஒரே கேள்விதான். "திருடக்கூடாது, ஜெயிலில் போடுவார்கள்" என்பவனும் "திருடக்கூடாது, எல்லோரும் இப்படிச் செய்தால் ஊர் என்ன ஆகும்" என்பவனும் ஒரே பதிலைச் சொன்னாலும் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள். அவருடைய கோட்பாடு முழுவதும் இந்த "ஏன்" மேல் நிற்கிறது. நம் பள்ளிகளிலோ தப்புச் செய்த பிள்ளையிடம் "ஏன்" என்று நாம் கேட்பது பதில் வேண்டியல்ல. "ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்று கேட்டுவிட்டு, அவன் வாய் திறந்தால் "எதிர்த்துப் பேசாதே" என்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

1999-இல் நடந்தது இது. எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. சுற்றுலாவுக்காக ஒரு மாணவி கொண்டுவந்த 120 ரூபாய் காணாமல் போனது. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, பைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் கவிழ்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள், பாகைமானிக்கு அடியில் நான்காக மடித்த நோட்டுகள் இருந்தன. கையைப் பிடித்துத் தலைமை ஆசிரியர் அறைக்கு இழுத்துப் போனேன். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவளும் அதே சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்திருந்தாள், பணம் கட்டக் கடைசி நாள் அதுதான், தோழிகளோடு எந்த சீட்டில் உட்காருவது என்றுகூடப் பேசி வைத்திருந்தாள் என்று ஒரு மாதம் கழித்து வேறொரு பிள்ளை சொல்லித் தெரிந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை.

திருட்டு திருட்டுதான், அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் கோல்பெர்க்கின் மூன்றாம் நிலை என்று நான் இப்போது கரும்பலகையில் எழுதும் விஷயம் அன்று என் எதிரில் நின்றது. நண்பர்கள் கண்ணில் தாழ்ந்துவிடக் கூடாது, கூட்டத்திலிருந்து விடுபட்டுவிடக் கூடாது என்பதுதான் அந்த வயதுப் பிள்ளையின் நல்லது கெட்டதையெல்லாம் தீர்மானிக்கிறது. அதை நாம் "சகவாச தோஷம்" என்று தள்ளிவிடுகிறோம். அடிக்குப் பயந்து நல்லவனாக இருந்த பத்து வயதுப் பிள்ளை, பதினான்கில் நண்பனுக்காக நல்லவனாக இருக்கிறான் என்றால் அவன் ஒரு படி ஏறியிருக்கிறான். கோல்பெர்க் குழுவினர் அந்தப் பையன்களை இருபது வருடம் விடாமல் பின்தொடர்ந்து 1983-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரியவர்களானபின் பெரும்பாலோர் மூன்றிலும், சட்டமும் ஒழுங்கும் முக்கியம் என்னும் நான்கிலும்தான் நின்றார்கள். ஐந்தாம் நிலை சிலருக்கே வாய்த்தது. எல்லா மனிதருக்கும் பொதுவான அறக் கொள்கைப்படி யோசிக்கும் ஆறாவதை எட்டியவர்கள் கிடைக்காததால் அதை மதிப்பிடும் முறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நாம் மட்டும் ஆறு நிலைகளையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவைத்து, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஆறில் நடக்கவில்லையே என்று கோபப்படுகிறோம். அவனை ஆளுவது மட்டும் ஒன்றாம் நிலை ஆயுதமான தண்டனைப் பயத்தால்.

அந்த 120 ரூபாய்க்கு வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்பீர்கள். 1974-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில், ஒரு பெரிய அரசு உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே கிளஸ்டர் பள்ளி என்று ஒரு சிறு பள்ளியைத் தொடங்கக் கோல்பெர்க் துணை நின்றார். வாரம் ஒருமுறை எல்லோரும் கூடுவார்கள். மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அங்கே ஒரு மாணவியின் பர்ஸிலிருந்து 9 டாலர் காணாமல் போனது. கூட்டத்தில் பேசினார்கள். எடுத்தவர் யாரோ, பறிகொடுத்தது நம்மில் ஒருத்தி, ஒருவர் பொருளை ஒருவர் மதிக்காத இடமாக இதை விட்டது நம் எல்லோருடைய தப்பு என்று பிள்ளைகளே வாதாடினார்கள். ஆளுக்கு 15 சென்ட் போட்டு அவள் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. பை கவிழ்க்கவில்லை, கையை நீட்டச் சொல்லவில்லை. அதைப் படித்தபோது, பாகைமானிக்கு அடியில் மடித்து வைத்த அந்த நோட்டுகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. என் வகுப்பில் அன்று 44 பேர். ஆளுக்கு மூன்று ரூபாய் போட்டிருந்தால் இரண்டு பிள்ளைகளும் சுற்றுலாவுக்கு வந்திருப்பார்கள்.

கோல்பெர்க் சொன்னதெல்லாம் வேதவாக்கு இல்லை. அவர் முதலில் ஆராய்ந்தது பையன்களை மட்டும்தான். அவரோடு வேலை பார்த்த கேரல் கில்லிகன் 1982-இல் அதைக் கேள்வி கேட்டார். பதினொரு வயது ஏமி என்ற சிறுமி, ஹெயின்ஸ் திருடவும் கூடாது, மனைவி சாகவும் கூடாது, வேறு வழி பார்க்க வேண்டும் என்றாள். அவன் ஜெயிலுக்குப் போனால் மனைவியை யார் பார்த்துக்கொள்வார், கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டாள். பழைய அளவுகோலில் அது தெளிவில்லாத பதில். அக்கறையிலிருந்து பிறக்கும் வேறொரு குரல் அது என்றார் கில்லிகன். ஆண், பெண் வேறுபாடு அவர் நினைத்த அளவு பெரிதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் நீதி, அக்கறை என்று அறத்துக்கு இரண்டு குரல்கள் உண்டு என்பதை அதற்கப்புறம் யாரும் மறக்க முடியவில்லை.

என் மாணவர் ஒருவர் இதே ஹெயின்ஸ் கதையைப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் சொல்லிப் பதிவு செய்து வந்தார். அவள் கேட்ட முதல் கேள்வி: "ஜி.எச்.-க்குக் கூட்டிட்டுப் போகலையா சார்? காப்பீட்டு அட்டை இருக்குமே?" அடுத்தது, "அவங்க அம்மா குழுவுல லோன் போடலாமே." மாணவர் சலித்துப்போய், கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று குறிப்பு எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து அந்தப் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டினேன். மருத்துவமனை வரிசையிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் அம்மாவோடு உட்கார்ந்து கற்ற பிள்ளை அவள். யாரையும் திருடனாக்காமல் ஒரு உயிரைக் காப்பாற்ற வழி தேடினாள். இதைவிட நல்ல பதிலை அன்று எங்கள் வகுப்பில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

உறவும் கடமையும் நம் பக்கத்தில் வேறு எடையில் இருக்கின்றன என்பதற்கு மைசூரிலேயே சான்று உண்டு. ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் அங்கேயும் அமெரிக்காவின் நியூ ஹேவனிலும் ஒரு கதையைச் சொல்லிக் கேட்டார். உயிர் நண்பனின் கல்யாணத்துக்கு மோதிரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவனின் பர்ஸ் திருடு போய்விட்டது. அடுத்தவர் சட்டைப்பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுக்கலாமா? 1992-இல் வெளிவந்த முடிவு: நண்பனுக்குச் செய்ய வேண்டியதுதான் முக்கியம் என்றவர்கள் மைசூரில் மிக அதிகம், நியூ ஹேவனில் குறைவு. "பிட்டு அடித்த" நண்பனைக் காட்டிக்கொடுக்காத பிள்ளையை நீங்கள் "கூட்டுக் களவாணி" என்று திட்டும்போது, அவனுக்குள் இரண்டு கடமைகள் மோதிக்கொண்டிருக்கின்றன என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். எது பெரிது என்று அவனையே பேசவிடலாம். காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம் இதைவிட நல்ல கலந்துரையாடல் கிடைக்காது.

அப்படிப் பேசுவதற்கு ஹெயின்ஸ்கூட வேண்டியதில்லை. 2016-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 6 முதல் 12 வரையிலான வகுப்புகளில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் விரிவாகக் கற்பிக்க உத்தரவிட்டது. மகிழ்ச்சிதான். அதில் வினைத்தூய்மை அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு: "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை." பெற்ற தாய் பசியோடு கிடப்பதைப் பார்த்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே. சாகக் கிடக்கும் மனைவிக்குப் பதில் பசித்த தாய், அவ்வளவுதான் வித்தியாசம். ஹெயின்ஸ் கதை எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மிடம் இந்தத் தர்மசங்கடம் இருந்திருக்கிறது. நாம் என்ன கேட்கிறோம்? அடிபிறழாமல் எழுது, சீர் பிரி, அணி கூறு. "உன் அம்மா பசியோடு இருந்தால் நீ என்ன செய்வாய், ஏன்?" என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா? கேட்டால் குறளோடு முரண்படும் பிள்ளை நிச்சயம் இருக்கும். முரண்படட்டும். சேர்ந்து பேசும்போது, தனக்கு ஒரு படி மேலே யோசிக்கும் வகுப்புத் தோழனின் வாதம்தான் பிள்ளையை நகர்த்துகிறது என்று மோஷே பிளாட் என்ற கோல்பெர்க்கின் மாணவர் வகுப்பறையிலேயே செய்து காட்டினார். வெறும் உபதேசம் நகர்த்தாது என்பது அதற்கு முன்பே தெரியும். 1920-களின் கடைசியில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஒழுக்க வகுப்பில் படித்ததற்கும் ஏமாற்றாமல் இருப்பதற்கும் பெரிய தொடர்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி எரிக்சன். இவரைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்குகிறது, ஏனென்றால் இது நாங்குநேரியில் போய் முடிகிறது.

எரிக்சனுக்குத் தன்னைப் பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை தெரியாது. யூதத் தாய், யூத வளர்ப்புத் தந்தை, ஆனால் பொன்முடியும் நீலக்கண்ணுமாக வளர்ந்தவர். யூத ஆலயத்தில் இவரை அந்நியன் என்றார்கள், பள்ளியில் யூதன் என்றார்கள். அமெரிக்கக் குடிமகனானபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். "நான் யார்" என்ற கேள்விதான் வளரிளம் பருவத்தின் நடுநாயகம் என்று இப்படிப்பட்டவர் சொன்னதில் ஆச்சரியமில்லை. 1950-இல் வந்த முதல் நூலில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை நாம் வகுப்பில் தாண்டிப் போய்விடுகிறோம். தான் யாரென்று குழம்பும் பிள்ளைகள் கூட்டம் சேர்கிறார்கள். நிறத்திலோ பிறப்பிலோ வேறானவர்களை ஈவிரக்கமில்லாமல் ஒதுக்குகிறார்கள். உடையிலும் சைகையிலும் அற்பமான ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, அது இருந்தால் நம்மவன், இல்லாவிட்டால் அந்நியன் என்கிறார்கள். உள்ளே இருக்கும் குழப்பத்துக்கு எதிரான தற்காப்பு அது என்றார். அற்பமான அடையாளம் என்று அவர் எழுதியதைப் படிக்கும்போது என் கண்ணில் படுவது சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிறு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவனை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. தடை வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் கயிற்றை அறுத்துவிட்டு நாம் நகர்ந்துவிட்டால், அந்தப் பையனின் வெறும் மணிக்கட்டு "நான் யார்" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதற்குப் பள்ளி என்ன கொடுக்கிறது? "நான் கபடிக் குழுவின் ரெய்டர்", "நான் பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன்", "நான் வகுப்பு மன்றத்தில் அவனுக்காகப் பேசியவன்" என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். ஊரில் ஒரு சங்கமும் ஒரு கொடியும் அவனுக்கு உடனே அடையாளம் தரத் தயாராகக் காத்திருக்கின்றன. பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அவர்கள் வேலையை நாம் சுலபமாக்குகிறோம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நடக்கும் குரூப் சேர்க்கையையும் சொல்லிவிடுகிறேன். எரிக்சன் சொன்னதை ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் நான்கு நிலைகளாகப் பிரித்தார். தேடாமலும் பிடிப்பில்லாமலும் இருப்பது ஒன்று. தேடிக்கொண்டே இருப்பது இன்னொன்று. தேடி ஒன்றைக் கண்டு பிடித்துக்கொள்வது மூன்றாவது. தேடாமலே, பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே ஏற்றுக் கதவை மூடிக்கொள்வது நான்காவது. அந்த நான்காவதைத்தான் ஜூன் மாதத்தில் உங்கள் அறையில் பார்க்கிறீர்கள். அப்பா "ஃபர்ஸ்ட் குரூப்" என்கிறார், நீங்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கிறீர்கள், பிள்ளை நாற்காலியின் ஓரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் கையெழுத்து. அப்படிக் கதவை மூடிக்கொண்ட பிள்ளை அமைதியாக, சொன்ன பேச்சு கேட்பதாக இருக்கும். நாம் அதை ஒழுக்கம் என்று நினைத்துவிடுகிறோம். என்னிடம் பி.எட். சேர வருகிறவர்களில் வருடத்துக்கு நான்கைந்து பேர், "எனக்குத் தமிழ் படிக்கத்தான் ஆசை மேடம், வீட்டில் பயோமேத்ஸ் எடுக்க வைத்துவிட்டார்கள்" என்று இருபத்திமூன்று வயதில் என் எதிரில் அழுதிருக்கிறார்கள்.

உங்கள் அறையில் அந்தப் பத்து நிமிடத்தில் ஐந்தை அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிள்ளையோடு மட்டும் பேசுங்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே பிளஸ் ஒன் வகுப்புகளில் ஒரு வாரம் அவர்களைச் சும்மா உட்காரவிடுங்கள், கணக்குப்பதிவியலும் வேதியியலும் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளட்டும். இதற்கு அரசாணை வேண்டியதில்லை, கால அட்டவணை போடும் ஆசிரியர் சம்மதித்தால் போதும்.

அப்புறம், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். அதை வகுப்பு மன்றத்துக்கு விட்டுக்கொடுங்கள். முதல் மாதம் இரைச்சலாகத்தான் இருக்கும். நான்கு பேர் மட்டுமே பேசுவார்கள், "பி.டி. பீரியட் வேண்டும்" என்பதைத் தாண்டிப் பேச்சு போகாது. பொறுத்துக்கொள்ளுங்கள். முடிக்கு என்ன விதி, தாமதமாக வருபவருக்கு என்ன செய்வது, திக்கிப் பேசுபவன் வாசிக்கும்போது சிரித்தால் என்ன செய்வது என்று அவர்கள் போடும் விதியை நீங்களும் கடைப்பிடியுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலால் மட்டுமல்ல, மனத்தால் துன்புறுத்துவதையும் தடுக்கிறது என்பதை உடற்கல்வி ஆசிரியருக்கு நினைவூட்டி, கத்தரிக்கோலை வாங்கி அலமாரியில் வையுங்கள்.

எங்கள் பக்கத்துக் கடனையும் சொல்ல வேண்டும். இந்தக் கோட்பாடுகளை அட்டவணையாக மாற்றி உங்கள் தலையில் ஏற்றியது என்னைப் போன்றவர்கள்தான். இந்த ஆண்டு முதல் என் மாணவர்கள் ஒவ்வொருவரும் உங்கள் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேரிடமாவது உட்கார்ந்து, ஒரு தர்மசங்கடத்தைச் சொல்லி, அரைமணி நேரம் "ஏன்" என்று கேட்டு எழுதி வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அகமதிப்பீட்டு மதிப்பெண் அதற்குத்தான். அவர்களுக்கு ஒரு வகுப்பறையும் இரண்டு நாற்காலியும் கொடுத்து உதவுங்கள். வகுப்பு மன்றத்தைத் தொடங்க நினைத்து எப்படி என்று தெரியாதவர்கள் என் கல்லூரிக்கு ஒரு வரி எழுதினால், எந்த வெள்ளிக்கிழமையானாலும் பேருந்தேறி வந்துவிடுகிறேன். முதல் கூட்டத்தில் நானும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் பள்ளிகளுக்குப் பயிற்சி மாணவர்களை அனுப்பிவைக்கும்
ஒரு பி.எட். கல்லூரி உளவியல் ஆசிரியை